சின்னச் சுரங்கங்களில் பன்னிரண்டு பவுன்

அறிவழகன் கெட்டிக்காரன். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நடந்த கோளாறு அத்தனைக்கும் அந்தக் கெட்டிக்காரத்தனம்தான் காரணம். கொஞ்சம் மந்தமான ஆளாக இருந்திருந்தால், தங்கச்சி சொன்னபடி நகைக்கடைக்குப் போய்த் தங்கத்தை வாங்கி, பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுக் குறட்டை விட்டுத் தூங்கியிருப்பான்.

அரியலூருக்குப் பக்கத்தில் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் அவன் ஃபோர்மேன். வெடி வைப்பதற்கு முன்னால் பாறையில் வரிசையாகத் துளை போட வேண்டும். எங்கே போடுவது, எவ்வளவு ஆழம், எவ்வளவு சாய்வு என்பதெல்லாம் அவன் பொறுப்பு. இருபது வருஷமாக அதே வேலை, அதே புழுதி. வேலை முடிந்து வந்து குளித்தால் முதல் இரண்டு சொம்புத் தண்ணீர் மோராகத்தான் ஓடுகிறது என்று அவன் மனைவி சத்யப்பிரியா சொல்வாள்.

செந்துறைப் பக்கம் அவனுடைய அப்பா வாங்கிப்போட்ட முந்திரிக் கொல்லை ஒன்று இருந்தது. இரண்டாயிரத்து இருபதில் அதுவும் சுரங்கத்துக்குப் போனது. கையெழுத்துப் போட, பெரம்பலூரில் வாழ்க்கைப்பட்டிருந்த தங்கச்சி மலர்க்கொடி பஸ் பிடித்து வந்தாள். இந்தப் பக்கத்து வழக்கம் என்னவென்றால், கூடப்பிறந்தவள் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் பேசாமல் ஊருக்குப் போய்விடுவாள். அண்ணன்காரன் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சீர் கொண்டுபோய் அந்தக் கணக்கைக் காலமெல்லாம் கழித்துக்கொண்டிருப்பான். அறிவழகன் அப்படிச் செய்யவில்லை. அவனைக் குறை சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். ரெஜிஸ்டர் ஆபீஸ் வாசலிலேயே, "ஒம் பங்கு ஒனக்குத்தான் மலரு. நான் தின்ன மாட்டேன்" என்று சொல்லிவிட்டான்.

மலர்க்கொடிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் அவள் விவரமானவள். "காசாக் கையில குடுக்காதண்ணே. எங்க வூட்டுக்காரரு டயர் மாத்தணும், இன்சூரன்ஸ் கட்டணும்னு ஒவ்வொண்ணா வாங்கிட்டுப் போயிடுவாரு. தங்கமா வாங்கி ஒங்கிட்டயே வெச்சிரு. பிரவீணாவுக்கு ஆவும்" என்றாள். அவள் புருஷன் முத்துவேல் லோடு வண்டி ஓட்டுகிறவர். பிரவீணா அவர்களுக்கு ஒரே பெண், அப்போதுதான் பத்தாவது முடித்திருந்தாள்.

தங்கமாக வாங்கி வை என்று அவள் சொன்னதை அவன் காதாரக் கேட்டான். சரி என்று தலையும் ஆட்டினான். ஆட்டிவிட்டுப் போய் வேறொன்றைச் செய்தான்.

சுரங்க ஆபீசில் அசோக் என்று ஒரு ஜியாலஜிஸ்ட் இருந்தான். சாப்பாட்டு வேளையில் ஃபோனைப் பார்த்துக்கொண்டே வெளிநாட்டுப் பங்குச் சந்தையைப் பற்றிப் பேசுவான். ஒருநாள் ஈ.டி.எஃப். என்று ஒன்றைக் காட்டினான். பங்கு மாதிரியே வாங்கலாம், விற்கலாம். ஆனால் ஒன்றை வாங்கினால் அதற்குள் எழுபது எண்பது கம்பெனி இருக்கும், கதம்பக் காய்க்கூறு வாங்குகிற மாதிரி என்றான். அவன் காட்டியதற்குள் இருந்தவை அத்தனையும் தங்கச் சுரங்கக் கம்பெனிகள். பெரிய கம்பெனிகள் இல்லை, சின்னவை. கனடாவில் ஒன்று, ஆஸ்திரேலியாவில் ஒன்று, ஆப்பிரிக்காவில் ஒன்று. சிலது தங்கம் எடுத்துக்கொண்டிருந்தன. சிலது இன்னும் துளை போட்டுத் தேடிக்கொண்டிருந்தன.

"தங்கம் ஒரு பங்கு ஏறினா இது ரெண்டு பங்கு, மூணு பங்கு ஏறும் சார்" என்றான் அசோக்.

"எறங்கினா?" என்று பக்கத்து மேஜையிலிருந்து ஒருவர் கேட்டார்.

"எறங்கினாலும் அதே மாதிரிதான். சின்னக் கம்பெனிங்க இல்லையா?"

அசோக்கைப் பழி சொல்ல வழியே இல்லை. அந்தப் பிள்ளை இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொன்னான். முதலில் சொன்னது அறிவழகன் காதில் ஏறியது, பின்னால் சொன்னது ஏறவில்லை, அவ்வளவுதான்.

துளை போட்டுத் தேடுகிறார்கள் என்றதுமே அவனுக்குத் தெம்பு வந்துவிட்டது. துளையைப் பற்றி அவனுக்கு யார் பாடம் எடுப்பது! அரியலூர் மண்ணில் துளை போட்டுக் கல் கிடைக்காமல் போனதாக ஒரு பேச்சும் கிடையாது. மேல்மண்ணை வழித்தால் கல். இன்னும் தோண்டினால் இன்னும் கல். தண்ணீருக்கென்று கிணறு வெட்டினால்கூடத் தண்ணீர் வருமோ வராதோ, கல் வந்துவிடும். இருபது வருஷத்தில் ஒரு துளையும் அவனை ஏமாற்றியதில்லை. சுரங்கம் என்றால் அடியில் சரக்கு இருந்தே தீரும் என்று அவன் உடம்பிலேயே ஊறிப்போயிருந்தது. தங்கம் அப்படிப்பட்ட சரக்கில்லை. அது நூறு துளை போட்டாலும் தலைகாட்டாது, நூற்றி ஒன்றாவதில் நூலிழை மாதிரி காட்டிவிட்டு மறுபடி ஒளிந்துகொள்ளும். திருப்பூர்க்காரனோ திருநெல்வேலிக்காரனோ முன்பின் தெரியாத தொழில் என்று பயந்து ஒதுங்கியிருப்பான். தெரிந்த தொழில் என்று நினைத்துக் காலை விட அரியலூர்க்காரனால்தான் முடியும்.

இன்னொன்றும் அவன் மனசில் இருந்தது. சின்ன வயசிலிருந்து அவன் பார்த்ததெல்லாம் ஒன்றுதான். கொல்லையை விற்றவன் வந்த காசில் ஒரு வண்டி வாங்குவான், ஒரு கல்யாணம் முடிப்பான், நாலு வருஷத்தில் பழையபடி கூலிக்குப் போவான். சுரங்கக் குழி யார் பேரில் இருக்கிறதோ அவன் மட்டும் வளர்ந்துகொண்டே இருப்பான். வாழ்க்கையில் ஒரு தடவையாவது குழிக்காரன் பக்கம் நின்று பார்க்க வேண்டும் என்று அறிவழகனுக்கு ஆசை. ஆசையில் என்ன தப்பு? தன் பங்கை வைத்து நின்றிருக்கலாம். தன் பங்கு வீடு கட்டுவதில் போய்விட்டதால் தங்கச்சி பங்கை வைத்து நின்றான். அதுதான் தப்பு.

அந்த ஆவணியில் தங்கம் விலை எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. அசோக் ஃபோனில் ஒரு ஆப்பில் கணக்கு திறக்கக் கற்றுக்கொடுத்தான். பணம் டாலராக மாறிப் போய்ச் சின்னச் சுரங்கங்களில் விழுந்தது. அன்றைய பவுன் விலையால் அந்தத் தொகையை வகுத்துப் பார்த்துவிட்டு அறிவழகன் பெரம்பலூருக்கு ஃபோன் போட்டான்.

"பன்னெண்டு பவுனு போட்டாச்சு மலரு. ஃபோன்லயே இருக்கு."

"ஃபோன்லயா?"

"இப்பெல்லாம் அப்படித்தான். வூட்ல வெச்சா திருட்டு பயம்."

"நீ சொன்னா சரிண்ணே" என்று அவள் வைத்துவிட்டாள். அப்பாடா என்றிருந்தது அவனுக்கு. சுரங்கம் என்றால் என்ன, தங்கம் என்றால் என்ன, இரண்டும் ஒரே மண்ணிலிருந்து வருவதுதானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டான்.

மலர்க்கொடிக்கு அன்றிலிருந்து ஒரு பழக்கம் வந்தது. காலையில் தையல் மெஷினில் உட்காருவதற்கு முன்னால் டிவியில் தங்கம் விலையைப் பார்ப்பாள். ஏறியிருந்தால் உடனே அண்ணனுக்கு ஃபோன். "பாத்தியாண்ணே, பவுனுக்கு முந்நூறு ஏறிப்போச்சாம். பன்னெண்டு பவுனுக்கு எவ்வளவு ஆச்சு!" என்பாள். அறிவழகன் சுரங்கத்து மேட்டில் நின்றுகொண்டு "ம்" என்பான். பேசி முடித்ததும் ஆப்பைத் திறப்பான். அங்கே சிவப்பாக இருக்கும்.

தங்கம் இறங்கினாலும் அது இறங்கியது. தங்கம் ஏறினாலும் அது இறங்கியது. இது என்னடா அநியாயம் என்று அசோக்கிடம் போய் நின்றான். அசோக் பொறுமையாகச் சொன்னான். டீசல் விலை ஏறிவிட்டது, கூலி ஏறிவிட்டது, தங்கம் எடுக்கிற செலவு தங்கத்தைவிட வேகமாக ஏறுகிறது. சின்னக் கம்பெனிகளுக்குக் கையிருப்பு தீர்ந்தால் புதுப் பங்கை வெளியிட்டு விற்கிறார்கள், அதனால் பழைய பங்கின் மதிப்பு கரைகிறது. சிலது துளை மேல் துளையாகப் போட்டும் ஒன்றும் கிடைக்காமல் கடையைக் கட்டிவிட்டன. துளை போட்டும் கிடைக்கவில்லை என்றதை அறிவழகன் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டான். டீசல் விலை ஏறியதோ அவனுக்குத் தெரியாத சங்கதி இல்லை. அவன் மெஷின் குடிப்பதும் டீசல்தான், மாதாமாதம் மேனேஜர் கத்துவதும் அதற்காகத்தான். தன் சுரங்கத்துக்கு வலித்தது அடுத்தவன் சுரங்கத்துக்கும் வலிக்கும் என்று அவனுக்குத் தோன்றவில்லை பாருங்கள்!

இரண்டாயிரத்து இருபத்திரண்டு ஆடி மாதம். பிரவீணா ப்ளஸ் டூவில் நல்ல மார்க். கெமிஸ்ட்ரியில் பள்ளிக்கூடத்திலேயே முதல். பி.பார்ம் படிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள், தனியார் காலேஜில் இடமும் கிடைத்தது. அந்த வாரம் பார்த்து முத்துவேலின் வண்டி இஞ்சின் பழுதாகிப் படுத்துக்கொண்டது. மலர்க்கொடி ஃபோன் பண்ணினாள்.

"அண்ணே, பிரவீணாவுக்கு சீட்டு கெடச்சிருச்சு. மொதத் தவணை கட்டணும். அந்தத் தங்கத்துல கொஞ்சத்த வித்து..."

"விக்கிறதா?" என்று அறிவழகன் பதறினான். "தங்கத்துல கை வெக்கக் கூடாது மலரு. இப்ப வித்தா மொதலுக்கே மோசம். இன்னும் ரெண்டு மூணு வருசத்துல எங்கயோ போவப்போவுது. அவசரப்படாத."

"இல்லண்ணே, நான் கேக்குறது..."

"நான் வேற எடத்துல பொரட்டிப் பாக்குறேன். நீ தங்கத்த மறந்துடு."

புரட்டிப் பார்க்கவும் செய்தான், இல்லை என்று சொல்ல முடியாது. சொசைட்டியில் கேட்டான், வீட்டுக்கடன் இருக்கிறது என்று கையை விரித்தார்கள். சத்யப்பிரியாவின் நகைகள் ஏற்கெனவே வீட்டுக்காக பேங்கில் படுத்திருந்தன. அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது சத்யப்பிரியா, "உள்ளத உள்ளபடி சொல்லித் தொலைங்களேன். உங்க தங்கச்சி என்ன, தூக்கிலயா போடப்போவுது?" என்றாள். "ஒனக்கு இதெல்லாம் வெளங்காது" என்று அவன் சோற்றைப் பிசைந்தான். விற்றால்தான் நட்டம், விற்காதவரை அது வெறும் எண் என்று ஆப்பில் எவனோ எழுதியிருந்ததை அவன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தான். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. அண்ணன் சொன்னால் சரி என்கிற அந்தக் குரல் இனிமேல் அப்படி வராதே என்கிற பயம்.

ஆடி முடிந்தது. சீட்டு வேறொரு பெண்ணுக்குப் போனது. பிரவீணா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லையாம். அப்புறம் துறையூர் ரோட்டில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். எந்தப் படிப்பைப் படித்து அந்தக் கவுண்டருக்குப் பின்னால் பெரிய ஆளாக உட்கார நினைத்தாளோ, அதே கவுண்டருக்குப் பின்னால் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற பெண்ணாக நின்றாள்.

இதில் கொடுமை என்னவென்றால், அதற்கப்புறம் தங்கம் விலை உண்மையிலேயே ஏற ஆரம்பித்தது. ஏற ஏற அறிவழகனின் பேரும் ஏறியது. மலர்க்கொடி தைக்கத் துணி கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள்: "நான் அன்னைக்கே விக்கப் பாத்தேன். எங்கண்ணன்தான் கையப் புடிச்சித் தடுத்துச்சு. இல்லைன்னா இன்னைக்குப் பவுனு விக்கிற வெலைக்கு நாங்க எங்க போறது!" வீட்டில் எந்தக் கஷ்டம் வந்தாலும், தங்கத்தில் கை வைக்கக் கூடாது என்பது அந்தக் குடும்பத்துக்குச் சட்டமாகிவிட்டது. ஒரு கல்யாண வீட்டில் யாரோ ஒரு பெரியவர் அறிவழகனின் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, எம் பொண்ணு நகைய வித்துடலாமா, வெச்சிக்கலாமா?" என்று யோசனை கேட்டார். அவன் பந்தியில் பாதியிலேயே எழுந்துவிட்டான்.

பிறகு இரண்டாயிரத்து இருபத்தைந்து வந்தது. என்ன மாயமோ தெரியவில்லை, சின்னச் சுரங்கங்கள் விழித்துக்கொண்டன. தங்கம் நடந்தால் அவை ஓடின. அந்த ஒரே வருஷத்தில் இரண்டு மடங்குக்கு மேல் ஆகி, ஐந்து வருஷம் பிந்தியிருந்ததையெல்லாம் ஓடிப் பிடித்து, தீபாவளி நெருக்கத்தில் பன்னிரண்டு பவுன் விலையை எட்டித் தொடுகிற தூரத்துக்கு வந்துவிட்டன. அசோக் அதற்குள் வேறு கம்பெனிக்குப் போயிருந்தான். ஃபோனில், "வெச்சிருங்க சார், இன்னும் போகும்" என்றான். "போகட்டும், எனக்கு வேணாம் சாமி" என்று அறிவழகன் அன்றைக்கே விற்றான். வரி, கமிஷன் போகக் குறைந்ததற்குத் தன் தீபாவளி போனஸைப் போட்டான். கடைத்தெருவுக்குப் போய்ப் பவுன் காசாகப் பன்னிரண்டு வாங்கினான். கடையிலிருந்து வெளியே வந்தபோது அவனுக்கு அழுகை வந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் செய்திருக்க வேண்டிய காரியத்தை இத்தனை பாடுபட்டுச் செய்து முடித்திருந்தான். இனி யாருக்கும் எதுவும் தெரியப்போவதில்லை என்பதில்தான் பெரிய நிம்மதி.

ஞாயிற்றுக்கிழமை பைக்கை எடுத்துக்கொண்டு பெரம்பலூர் கிளம்பினான். பேரளி தாண்டி இரண்டு பக்கமும் மக்காச்சோளக் காடு. மனசு லேசாக இருந்தது. வழியில் நிறுத்தி டீ குடித்தான், டீக்கடைக்காரரிடம் காரணமில்லாமல் சிரித்துப் பேசினான்.

மலர்க்கொடி வீட்டில் நாட்டுக்கோழிக் குழம்பு. சிவப்புப் பெட்டியைத் திறந்து காட்டியதும் அவள் ஒவ்வொரு காசையும் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். சாமி படத்துக்கு முன்னால் வைத்துக் கற்பூரம் காட்டினாள். முத்துவேல் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவர், தலையைக் குனிந்துகொண்டே பேசினார்.

"மச்சான், ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு பீஸ் கட்ட நீங்க விக்க வேணாம்னப்ப எனக்கு உங்க மேல கோவம். வாய்க்கு வந்தபடி பேசிட்டேன், இவளக் கேளுங்க. மனசுல வெச்சிக்காதீங்க."

"அட, அதெல்லாம் என்னத்துக்கு மாப்ள இப்ப" என்றான் அறிவழகன்.

அதோடு விட்டிருக்கலாம். சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, வண்டியை எடுத்திருக்கலாம். ஐந்து வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவனுக்கு அன்றைக்கு என்று நாக்கு அரித்தது. புகழ்ச்சி கோழிக்குழம்பைவிட ருசியாக இருந்தது போலும்.

"சும்மா தங்கத்துல போட்டேன்னா நெனச்சீங்க?" என்றான். "தங்கச் சுரங்கத்துல போட்டேன் மாப்ள. சின்னச் சின்னதா எண்பது கம்பெனி. குழிக்காரன் பக்கம் நின்னாத்தான் காசு. இந்த ஒரு வருசத்துல மட்டும் ரெண்டு மடங்குக்கு மேல, தெரியுமா?"

"எங்கண்ணன் மூளையப் பாத்தீங்களா!" என்று மலர்க்கொடி புருஷனைப் பார்த்தாள்.

சுவரோரம் தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த பிரவீணா நிமிர்ந்தாள். "ரெண்டு மடங்கா மாமா?" என்றாள். எழுந்து கை கழுவினாள். தாவணியில் துடைத்தபடியே ஃபோனை எடுத்துக்கொண்டு வந்து மாமனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாமா, இது நான் மூணு வருசமா சம்பளத்துல சேத்தது. பாரு. அடுத்த வருசம் டி.பார்ம் சேரலாம்னு இருக்கேன். மொத வருச பீசுக்கு ஆயிருச்சு, ரெண்டாவது வருசத்துக்குத்தான் இல்ல. நீ போட்டதுலயே இதையும் போட்டுக் குடேன். ஆவணிக்குள்ள ரெண்டு மடங்கானாப் போதும்."

அறிவழகன் ஃபோனை அவள் பக்கமே தள்ளினான்.

"வேணாம்மா. இப்ப ரொம்ப ஏறிக் கெடக்கு."

"ஏறிக் கெடந்தப்பதானே நீயும் போட்ட?" என்றாள் மலர்க்கொடி. "ஒன்ன நம்பித்தானே குடுக்குறா. வாங்கிக்கண்ணே."

"ரிஸ்க்கு மலரு. இப்பத்தான் தங்கம் வந்துருச்சே. இதுல ரெண்டு காச வித்து பீஸ் கட்டிடலாமே."

"ஐயையோ, தங்கத்துல கை வெக்கிறதா? நீ சொன்னதுதானே, மறந்துட்டியா?"

அவன் முத்துவேலைப் பார்த்தான். அவரும் தலையை ஆட்டினார். மச்சான் கை ராசியான கை என்றார்.

பிரவீணா மட்டும் சிரிக்காமல் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மாமா, அது எப்பவாச்சும் எறங்குச்சா?" என்று கேட்டாள்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஐந்து வருஷமாகக் கட்டிக் காத்த பேர் அப்படியே இருக்கும். அந்தப் பெண்ணின் மூன்று வருஷச் சம்பளம் நாளைக்கே டாலராக மாறிப்போய், எந்தக் காட்டிலோ துளை போட்டுக்கொண்டிருக்கிறவர்களின் கையில் விழும். ஆவணிக்குள் இரண்டு மடங்கும் ஆகலாம். யார் கண்டது? பாதியும் ஆகலாம். ஆனால் ஆவணி எதற்காகவும் காத்திருக்காது, காலேஜும் காத்திருக்காது. அது அவனுக்கு அனுபவம். ஆசை காட்டி அவள் படிப்பை இரண்டாவது தடவையும் தின்னப்போகிறோமே என்று நினைத்தான். அவள் கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்ததை அப்போதுதான் பார்த்தான். நாள் பூராவும் நின்றே வேலை செய்கிற பெண்.

"எறங்குச்சும்மா" என்றான்.

"எவ்வளவு?"

"பாதியாப் போச்சு."

"எப்ப மாமா?"

அறிவழகன் தட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "நீ ப்ளஸ் டூ முடிச்சப்ப."

பிரவீணாவுக்குத்தான் முதலில் விளங்கியது. அவள் ஃபோனை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள். முத்துவேல் பிசைந்த சோற்றில் கையை வைத்தபடி, "அப்ப அன்னைக்கு விக்க வேணாம்னு நீங்க சொன்னது..." என்று இழுத்தார்.

"தங்கமா இருந்தாத்தானே மாப்ள விக்கிறதுக்கு? பாதி போச்சுன்னு எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு சொல்றது? வந்துடும் வந்துடும்னு இருந்துட்டேன். வந்துருச்சு. வரதுக்குள்ள இவ சீட்டு போயிருச்சு." அவன் பிரவீணா பக்கம் திரும்பினான். "அதுல போடாதம்மா. ஒனக்கு பீஸ் கட்டத் தேதி இருக்கு. தேதி இருக்குறவங்களுக்கு ஆவாது அது."

மலர்க்கொடி திட்டுவாள் என்று அவன் எதிர்பார்த்தான். மண்ணை வாரித் தூற்றினால்கூடப் பரவாயில்லை, திட்டிவிட்டால் தேவலை என்றிருந்தது. அவள் திட்டவில்லை. குழம்புக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு எதையோ கணக்குப் போடுகிறவள் மாதிரி வாயை அசைத்துக்கொண்டிருந்தாள்.

"பாதின்னா, ஆறு பவுனுக்குண்டான காசு இருந்துச்சா அன்னைக்கு?" என்று கேட்டாள்.

"இருந்துச்சு."

"அன்னைக்கு நான் ஒங்கிட்ட எவ்வளவு கேட்டேன் தெரியுமாண்ணே?"

அறிவழகன் யோசித்துப் பார்த்தான். எவ்வளவு யோசித்தும் அந்தத் தொகை அவனுக்கு ஞாபகம் வரவில்லை. ஞாபகம் வருவதற்கு அவன் அதைக் கேட்டே இருக்கவில்லை.

"நீ கேக்கவே இல்ல" என்றாள் மலர்க்கொடி. "சொல்லவும் வுடல. மூணு பவுனுக்குண்டான காசுண்ணே. பாதியில பாதியே எனக்குப் போதுமா இருந்துச்சு."